இரத்தம், நெருப்பு, றோட்டு

நோயை முதலில் சொன்னது சப்பாத்துத்தான். ரொறன்ரோவில் ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் வேலை எனக்கு. காலையில் சரியாக இருந்த சப்பாத்து மத்தியானத்துக்கு மேல் காலைப் பிடித்து நெரித்தது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கத்தானே செய்யும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். இரண்டு மாதத்தில் அதுவும் போதாமல் போனது.

நான் சின்ன விஷயத்துக்கே பயப்படுகிறவன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவன். இதற்கு மட்டும் ஏன் பயப்படவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என்னிடமிருந்த பயமெல்லாம் வேறு இடங்களில் செலவாகிப் போயிருக்கலாம்.

வாயில் இரும்புச் சுவை வந்தது. உடம்பு முழுக்கக் கடித்தது, சொறிந்துகொண்டே இருந்தேன். ஒருநாள் குசினியிலேயே வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பிளாஸ்ரிக் நாற்காலியில் இருத்திவைத்து டொக்டர் சொன்னார்: இரத்த அழுத்தம் கனகாலமாகத் தெரியாமலே ஏறியிருந்திருக்கிறது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, இனி டயாலிசிஸ் (இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது).

"எவ்வளவு காலத்துக்கு, டொக்டர்?"

"மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை."

"கிடைக்காவிட்டால்?"

"கிடைக்கும்வரை" என்றார் மறுபடியும்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நாலு பிள்ளைகள், கடைசிக்கு மூன்று வயது. சிறுநீரகம் தரக்கூடிய என் சகோதரங்கள் யுத்தத்துக்குள் ஊரில் இருந்தார்கள். மனைவி சரசுவின் இரத்தம் எனக்குப் பொருந்தவில்லை. அதனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் யோசனை ஒன்றே ஒன்றுதான்: அதுவரைக்கும் சாகாமல் இருக்க வேண்டும்.

இதை இப்போது படிக்கும் உங்களில் சிலர் அதே நடைபாதையில் இருந்துவிட்டு வந்திருப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இடது கையில் நாடியையும் நாளத்தையும் ஒன்றாகத் தைத்தார்கள் (ஃபிஸ்ருலா, பெரிய ஊசி குத்துவதற்கு இரத்தக்குழாயைத் தடிக்கச் செய்வது). அன்றிலிருந்து அந்த இடம் நிற்காமல் இரைகிறது. காதை வைத்தால் வண்டு அகப்பட்டதுபோலக் கேட்கும். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழரைக்கு அந்தக் கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தால் நாலு மணித்தியாலம் எழும்ப முடியாது. மூக்குக் கடித்தால் மற்றக் கையால் சொறியலாம். அவ்வளவுதான் சுதந்திரம்.

என் பக்கத்து நாற்காலிதான் மிஸஸ் கீகன்.

அயர்லாந்துக்காரி. எழுபதுக்குக் கிட்ட வயது. எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது, சரசு பக்கத்தில் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அது நாங்கள் 'தம்பி' என்பதுபோல ஒன்று என்று விளங்கிவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

"ஒன்பது பெத்தனான், தம்பி. முப்பத்தெட்டு வருசத்திலை நாலு மணித்தியாலம் ஒரே இடத்திலை இருந்ததில்லை. பிள்ளை பெறேக்கையும் இவ்வளவு நேரம் இருக்கேல்லை. இப்ப பார், கட்டிவைச்சிருக்கிறாங்கள்."

1950களில் கலியாணம் செய்த கையோடு ரொறன்ரோ வந்தவர். புருஷன் சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டினார். இரண்டு அறை வீட்டில் ஐந்து பிள்ளைகள், பிறகு ஸ்காபரோவில் ஒரு சின்ன வீட்டில் இன்னும் நாலு. புருஷன் வேலையால் வந்து கதவைத் திறக்க, இவர் அதே கதவால் கந்தோர்க் கட்டடங்கள் கூட்டித் துடைக்கப் போவார். ஒரே தொட்டித் தண்ணீரில் வயசு வரிசைப்படி ஒன்பது பேரும் குளிப்பார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு மேல் ஒருவருக்கும் புதுச் சப்பாத்து கிடைத்ததில்லை.

பிறகு காலம் மாறியது. ஒரு மகள் புருஷனை விட்டுவிட்டு வந்தாள். பாதிரியாரின் பேச்சைக் கேட்டு நாலு வருஷம் அவளோடு கதைக்காமல் இருந்தார். ஒரு மகன் இன்னொரு ஆணோடு குடும்பமாக இருந்தான். அவன் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கனகாலத்துக்குப் பிறகு எடுத்துச் சுவரில் மாட்டினார்.

"சப்பாத்திலை ஸ்நோ கொண்டு வாற மாதிரி, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு புதுசைக் கொண்டு வீட்டுக்குள்ளை வந்தினம். நான் துடைச்சுப்போட்டுக் கதவைத் திறந்து வைச்சன். அந்த நாலு வருசம்தான் பூட்டி வைச்சனான். அதை மட்டும் துடைக்க ஏலாமக் கிடக்கு."

ஒருநாள் உணவு ஆலோசகர் வந்தார் (எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்பவர்). ஒரு நாளில் உங்கள் தட்டில் என்ன இருக்கும் என்று மிஸஸ் கீகனைக் கேட்டார்.

"எனக்குத் தட்டு இல்லை" என்றார்.

பிள்ளைகள் மிச்சம் விட்டதை, குசினியில் நின்றபடி, அவர்களுடைய தட்டிலிருந்தே வழித்துச் சாப்பிட்டுப் பழகியவர். பிள்ளைகள் போன பிறகும் சட்டியிலிருந்து, நின்றபடிதான். அரை உருளைக்கிழங்கு, அதையும் தோல் சீவி, துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவிக்க வேண்டும் என்றார் ஆலோசகர். கிழங்கில் பொட்டாசியம் அதிகம் (இரத்தத்திலுள்ள ஓர் உப்பு, மிஞ்சினால் இதயம் தடுமாறும்).

"அது கிழங்கில்லை, மகள். கிழங்கின்ரை பிரேதம்" என்றார் மிஸஸ் கீகன். ஆனாலும் கூடாத சாமான்களின் பட்டியலை ஜெபம்போலப் பாடமாக்கிவிட்டார். எனக்கு ஆங்கிலப் பேப்பர் வாசிக்கப் பயம் என்று தெரிந்து, இயந்திரம் ஓடும் நேரத்தில் எனக்கும் சொல்லித்தருவார்: வாழைப்பழம், தக்காளி, தோடம்பழம், தேங்காய். நான் வீட்டுக்கு வந்து சரசுவிடம் ஒப்புவிப்பேன். தேங்காய்ச் சம்பல் நின்றது. தேங்காய்ப்பால் சொதி நின்றது.

அந்த வருஷம் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். சரசு எனக்காகப் பிடித்தாள். நானும் பிடிக்கிறேன் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது, உப்புக் கூடாது என்கிறார்கள். விரதத்தில் இரண்டும் தானாகவே குறையும். டொக்டரும் முருகனும் ஒரே விஷயத்தைத்தானே கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

ஊரில் கடும் விரதக்காரர் இளநீரோடு இருப்பார்கள். அஜின்கோர்ட் தமிழ்க் கடையில் அது தகர ரின்னில் அடைத்துக் கிடைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு ரின். இளநீர் என்பது காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது, உடம்பைக் குளிர்விப்பது. அதைப் பற்றி யாரிடம், என்னவென்று கேட்பது? எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்குப் பயப்படவில்லை.

வியாழன் தொடங்கினேன். சனிக்கிழமை மிஸஸ் கீகன் வழக்கம்போல நீட்டிய அரை பிஸ்கற்றை வேண்டாம் என்றேன். தராசில் என் நிறை கூடவில்லை என்று நேர்ஸ் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய், ஆறாம் நாள். அன்று பின்னேரம் கோயிலில் சூரன்போர். காலையில் பஸ்ஸால் இறங்கினால் கால்கள் இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பதுபோல இழுபட்டன. நாக்கு விறைத்தது. எங்கள் வரிசை இயந்திரங்கள் பழுதாகிவிட்டன, ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்றார்கள். நானும் மிஸஸ் கீகனும் நடைபாதையில் இருந்தோம். அவர் பிஸ்கற்றை நீட்டினார். நான் தலையாட்டினேன்.

"மூண்டாம் தரம் வேண்டாம் எண்டுறாய். என்ன விரதம்?"

"ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்றேன்.

"ஓம், சொல்லு."

எங்கள் கடவுள், ஆறு நாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தானும் கர்ப்பிணியாக இருந்தபோது பாதிரியாருக்கும் சொல்லாமல் தபசு காலத்தில் விரதம் இருந்தவர் என்றார். சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப என்னத்தைக் குடிக்கிறாய்?"

பையைத் திறந்து ரின்னைக் காட்டினேன். வெளியே தேங்காய்ப் படம். அவர் சிரிப்பு நின்றது.

"எத்தினை?"

"நாளுக்கு ரெண்டு."

அவர் எழும்பினார். நடக்கவே தடி தேவைப்படும் மனுஷி தடியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், நேர்ஸ்மாரின் மேசை மணியைக் கையெடுக்காமல் அடித்தார்.

இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். இளநீரின் பொட்டாசியம் இரத்தத்தில் மிஞ்சியிருந்தது. கையில் ஊசி ஏற்றியபடியே இன்னொருவருக்கு ஒதுக்கிய இயந்திரத்தில் என்னைப் பூட்டினார்கள். அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் காத்திருந்திருந்தால், என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். எங்கள் கோயிலுக்கு வருகிறவள். டொக்டர் பேசியதை எல்லாம் சொல்லிவிட்டு, தன் பங்குக்கும் ஒன்று சொன்னாள்: "அண்ணை, நீங்கள் இளநியைக் குடிச்சுப்போட்டு முருகனிலை பழியைப் போடாதேங்கோ. அவர் பாவம், இண்டைக்குச் சூரனோடை வேலையா நிக்கிறார்."

வெட்கத்தில் முகத்தை மூடினேன். சரசு வந்து கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. "அப்ப உங்களுக்கு நான் ஏன் விரதம் பிடிச்சனான்?" என்று மட்டும் கேட்டாள்.

என் கோபம் முழுக்க மிஸஸ் கீகன் மேல் திரும்பியது. சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னவர். இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. ஒரு முழத் தூரத்தில், எழும்ப முடியாமல், நாலு மணித்தியாலம் கோபமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவர்தான் தொடங்கினார், கூரையைப் பார்த்தபடி.

"என்ரை வீட்டிலை ஒரு சட்டம் இருந்தது. ஒன்பது பேர். ஒருத்தரை ஒருத்தர் கோள் சொன்னா நான் எப்ப சமைக்கிறது? அதாலை மூண்டு விஷயத்துக்குத்தான் கோள் சொல்லலாம். இரத்தம், நெருப்பு, றோட்டு. இரத்தம் வந்தா, நெருப்புப் பத்தினா, சின்னது றோட்டிலை இறங்கினா. வேறை எதுக்கும் என்னட்டை வந்தா, வந்தவைக்குத்தான் அடி."

"நான் இதிலை எது?"

"நீ றோட்டிலை இறங்கினனீ, தம்பி. வீட்டிலை நாலு சின்னன். என்னைக் கோவி, பரவாயில்லை. கோவிக்க ஆள் இருக்கவேணும்."

பிஸ்கற்றை நீட்டினார். எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவருக்குக் கை இரத்தக்குழாய் அடைத்தது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் கிருமி பிடித்தது. ஒரு காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒன்பது பிள்ளைகளும் முறை வைத்து அவரைக் காரில் கொண்டு வந்தார்கள். நாலு வருஷம் கதைக்காமல் விட்ட மகளுக்குச் சனிக்கிழமை.

ஒரு வியாழன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "வாற கிழமையோடை நான் விடப்போறன்."

எங்கள் மாதிரி நோயாளிகளுக்கு 'விடுவது' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இயந்திரத்தை விட்டால் கிழமைக் கணக்கில்தான் உயிர்.

"பிள்ளையளுக்குத் தெரியுமோ?"

"ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போறன். டொக்டருக்குச் சொல்லிப்போட்டன். அவருக்கு விளங்குது."

என் வலது கை நேர்ஸைக் கூப்பிடும் மணிக்குக் கிட்டப் போய்விட்டது. யாரைக் கூப்பிட, என்ன சொல்ல என்று தெரியாது. கை தானாகப் போனது. அவர் அதைப் பார்த்தார்.

"இது மூண்டிலை ஒண்டும் இல்லை" என்றார். "என்ரை ஒன்பதும் சாப்பிட்டு எழும்பிட்டுதுகள். உன்ரை இன்னும் மேசையிலை இருக்குதுகள். நீ இரு."

கையை எடுத்தேன். சரியா பிழையா என்று இன்றைக்கும் சில நாட்களில் யோசிப்பேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார்.

மூத்த மகள் மோரீன் மூன்று கிழமை கழித்து பிஸ்கற் ரின் ஒன்றோடு என்னைத் தேடி வந்தாள். பதினொரு நாள் இருந்தார் என்றாள். சண்டை பிடித்தோம், அழுதோம், அம்மா கேட்கவில்லை என்றாள். இயந்திரத்தை விட்ட முதல் நாள் மத்தியானம் மேசையில் வந்து இருந்து, கிழங்கு வேண்டும் என்றாராம். தோலோடு, உப்பும் பட்டரும் போட்டு.

"ஆரின்ரை தட்டிலை போடுறது எண்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம்" என்றாள் மோரீன். "அம்மாவுக்கெண்டு ஒரு தட்டு அந்த வீட்டிலை இருந்ததேயில்லை. என்ரை தம்பி ஒருத்தன் கடைக்கு ஓடினவன். நீலக்கரை போட்ட ஒண்டு வாங்கி வந்தான். அம்மா இருந்து சாப்பிட, நாங்கள் ஒன்பது பேரும் சுத்தி நிண்டம். எங்களுக்கு எங்கை நிக்கிறது எண்டே தெரியேல்லை."

முழுக் கிழங்கையும் சாப்பிட்டார் என்றாள். இன்னொன்றும் கேட்டார் என்றாள்.

என் பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. கிழமைக்கு ஏழு நாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. மற்றவை அவற்றுக்கு இடையிலுள்ள வெளி. சனிக்கும் செவ்வாய்க்கும் இடையிலுள்ள வெளிதான் பெரிது, பயமானது. உடம்பு என் கால்விரலில் முடிவதாகவும் நான் இப்போது நினைப்பதில்லை. அது ஒரு குழாய் வழியாக வெளியே போய், ஒரு இயந்திரத்தைச் சுற்றி, திரும்பி வருகிறது.

ஒரு திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். சரசு குசினியில் நின்று சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக அப்படி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததில்லை. நான் சாப்பாட்டுக் கோப்பை ஒன்றைக் கழுவினேன், அது எனக்குத் தெரிந்த வேலை. துடைத்து, சோறு போட்டு, மேசையில் வைத்தேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்றாள்.

"இரு."

வேறு வீட்டுக்கு வந்தவள்போல நாற்காலியின் நுனியில் இருந்தாள். கடைசிப் பிள்ளை வாயைப் பிளந்து அவளையே பார்த்தது. நானும் பக்கத்தில் இருந்தேன், இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு. மேசை மரத்துக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடுவதுபோல அது இரைந்துகொண்டிருந்தது. அவள் முதல் வாய் எடுத்தாள். அடுத்த நாள் செவ்வாய்.