தாலியை மறைச்சுக்கொண்டு போன நாள்

எங்கட அம்மன், அந்த அம்மாளின்ர பேரைச் சொல்லித் தொடங்கிறன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இந்த வீட்டுக்கு வாற எல்லாருக்கும் நான் ஒரு வாய்க்காரி எண்டு தெரியும். ஆனா இந்தக் கதையைச் சொல்ல மட்டும் இவ்வளவு காலமும் எனக்கு வாய் வரேல்லை. நேற்று ஒரு தங்கச்சி ஃபோனில அழுதவள், மனிசனுக்கு வருத்தம், ஆஸ்பத்திரி எண்டாலே பயமாக்கிடக்கு, என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அன்ரி எண்டு. அவளுக்காகத்தான் சொல்லுறன்.

1974ஆம் ஆண்டு, இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு நாங்கள் வந்த புதுசு, இஞ்சத்தைக் குளிர்காலம். நாங்கள் ஸ்பிரிங்வேலில ஒரு சின்ன ஃபிளாட்டில இருந்தம். நானும் அவரும் மட்டும்தான். பிள்ளை குட்டி இல்லை, சொந்தம் எண்டு சொல்லவும் ஒருத்தரும் இல்லை. யாழ்ப்பாணத்தில கிளாக்கரா இருந்த மனிசன் டண்டினோங்கில கார் பாகங்கள் பூட்டுற தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். ஒரு நாள் காலமை வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் குனிஞ்சவர் அப்பிடியே சத்தி எடுத்தார். பாத்தால் ரத்தம். ஐயோ, ஒரே ரத்தம்.

ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினவை. வயித்துப்புண் முத்திப்போச்சு, ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும், திரும்பவும் ரத்தம் கக்கினால் தாங்கமாட்டார் எண்டு டொக்டர் சொன்னார். பிறகு, "நீங்கள் எந்த ஃபண்டில இருக்கிறியள்?" எண்டு கேட்டார். நான் முழுசினன். ஃபண்டோ? என்ன ஃபண்ட்?

சிரிக்காதேங்கோ. எங்கட ஊரில பெரியாஸ்பத்திரிக்குப் போனால் துண்டுச் சீட்டு வாங்குவம், மருந்து எடுப்பம், வருவம். வெட்டிக் கொத்தினாலும் ஒரு சதம் கேக்கமாட்டினம். அந்தச் சின்ன நாட்டிலயே சும்மா எண்டால் இந்தப் பெரிய நாட்டில சொல்லவும் வேணுமோ எண்டு நினைச்சு வந்த சனம் நாங்கள். வருத்தம் வர முதலே வருத்தத்துக்கெண்டு மாதாமாதம் ஃபண்டுக்குக் காசு கட்டவேணும் எண்டது எங்களுக்கு எங்க விளங்கினது? வருத்தம் வந்தாப்போல ஃபண்டுக்காரர் எங்களைச் சேர்க்கவும் மாட்டினமாம். காசு குடுத்து ஒப்பரேஷன் செய்ய எங்களாலை கனவிலயும் ஏலாது. ரத்தம் நிண்டாப்போல அவரை வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். வேலைக்குப் போகாததால அவருக்குச் சம்பளமும் நிண்டு போச்சு.

ஒரு வழிதான் இருந்தது. இல்லாதப்பட்டவைக்கெண்டு ஆஸ்பத்திரியில பொது வார்டு இருந்தது. பெரிய டொக்டர்மாரே அங்க வந்து சும்மா செய்து விடுவினமாம். ஆனா உண்மையிலேயே வசதியில்லையோ எண்டு விசாரிக்க ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தா. அவ ஓம் எண்டால்தான் கட்டில்.

எங்கட ஆக்களின்ர புத்தி உங்களுக்குத் தெரியும்தானே. பெரிய இடத்துக்குப் போறதெண்டால் கசங்கின சீலையோட போவமோ? மதிப்பா வெளிக்கிட்டால்தான் மதிச்சுக் கதைப்பினம் எண்டு நான் கூறைச்சீலை கட்டி, காப்பெல்லாம் போட்டு, தாலிக்கொடியை மேல விட்டுக்கொண்டு போனன். கலியாண வீட்டுக்குப் போறவள் மாதிரிப் போய், எங்களிட்ட ஒண்டுமில்லை எண்டு சொன்னன். அந்த அம்மா என்ர கழுத்தைப் பாத்தா. கோவிக்கேல்லை, மரியாதையாத்தான் சொன்னா: "இது ஒண்டும் இல்லாதவைக்கு உள்ள கட்டில். உங்களிட்ட வசதி இருக்குது. அந்தச் சங்கிலியை வித்தாலே போதுமே."

சங்கிலியாம்! என்ர தாலி அவவுக்குச் சங்கிலி.

காப்பை வித்தம். அது வாடகைக்கும் மருந்துக்கும் போட்டுது. அவர் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு போனார். பால் குடிச்சாலும் வயித்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடப்பார். ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தபடியே சொன்னார்: "நான் போனால் எப்பிடியும் கழட்டத்தானே போறீர். இப்பவே கழட்டி வித்துப் பாருமன்."

"உங்கட வாயைக் கழுவுங்கோ!" எண்டு கத்தினன். கத்திப்போட்டுக் குசினிக்குள்ள போய்ச் சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு அழுதன். கழட்டாட்டி மனிசன் செத்துப்போவார். மனிசன் உயிரோட இருக்கேக்க தாலியைக் கழட்டிறதெண்டால், அவரை நானே கொண்டுபோய்ச் சுடலையில கிடத்தினது மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவுதான் நிண்டது.

பக்கத்து ஃபிளாட்டில மலேசியாக்காரி கமலா இருந்தவ. அவதான் வழி சொன்னா. "விக்க வேணாம். கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு, பழைய சேலையக் கட்டிக்கிட்டு இன்னொரு வாட்டி போங்க. கழுத்து சும்மா இருந்தா அவங்க என்ன சொல்லப் போறாங்க?"

நல்ல யோசினைதான். ஆனா கொழுக்கியில வைச்ச கையை எடுத்திட்டன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல வைச்சிருந்த அம்மாளின்ர படத்துக்கு முன்னால போய் நிண்டன். கும்பிடேல்லை, பேசினன். நல்லாப் பேசினன். "எடி ஆச்சி, உனக்குக் கண் அவிஞ்சு போச்சோ? கடல் கடந்து வந்தாப்போல உன்ர பிள்ளையளை உனக்குத் தெரியேல்லையோ? நான் காசு கேக்கேல்லை, பணம் கேக்கேல்லை. தாலிப்பிச்சை தா. இதை நான் கழட்டமாட்டன், மறைச்சுக்கொண்டு போறன். அவவின்ர கண்ணில மட்டும் படவிடாதை." இதுதான் என்ர மன்றாட்டம். இதை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ.

கமலாவை அவருக்குப் பக்கத்தில இருத்திப்போட்டு, நூல்சீலை கட்டி, கழுத்துவரைக்கும் தெறி பூட்டி மூடின கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தனிய ரயில் ஏறினன். வழி முழுக்க "படவிடாதை, படவிடாதை" எண்டுதான் வாய் முணுமுணுத்தது.

அந்த அறையில ஹீட்டர் எரிஞ்சுகொண்டிருந்தது. எனக்கு வேர்த்து ஒழுகுது. "சட்டையைக் கழட்டி வைச்சிட்டு இருங்கோவன்" எண்டு அந்த அம்மா அன்பாச் சொன்னா. வேண்டாம் எண்டு தலையாட்டினன். காப்பு வித்ததைச் சொன்னன், சம்பளம் நிண்டதைச் சொன்னன். அவ எழுதினா. கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையைத் தந்தா. நான் மேசையில குனிஞ்சன். மேல் தெறி கழண்டு, கொடி வெளியில சரிஞ்சு, தாலி மேசையில டக்கெண்டு முட்டிச்சுது.

முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவவின்ர முகம் மாறினது. "இது இன்னும் உங்களிட்டத்தான் இருக்குதோ? என்னட்ட மறைச்சோ வந்தனீங்கள்?"

அம்மாளே, கேட்டது ஒண்டைத்தானே, அதையும் செய்யேல்லையே எண்டு நெஞ்சு வெடிச்சுது. தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வாயைத் திறந்தன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கொஞ்சம்தான். அண்டைக்கு அது எங்கயிருந்து வந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

"ஓம், மறைச்சனான். இது நகை இல்லை. அவர் கட்டினது. அவர் உயிரோட இருக்கும்வரைக்கும் இது என்ர கழுத்தில கிடக்கும். கழட்டிறது அவர் செத்த அண்டைக்குத்தான். அவரைக் காப்பாத்திறதுக்கு அவர் செத்தவர் மாதிரி என்னைச் செய்யச் சொல்லுறியள். உங்கட கையில மோதிரம் கிடக்குதே, அதைக் கழட்டி வித்துப்போட்டு வாங்கோ எண்டால் வித்துப்போட்டு வருவியளோ?"

கேட்டது பெரிய வாய்தான். துரத்தப் போறா எண்டு எழும்பிட்டன். அவ மற்றக் கையால அந்த மோதிரத்தைச் சுத்திச் சுத்தித் திருப்பினா. பிறகு மெல்லச் சொன்னா: "என்ர மனிசன் செத்துக் கனகாலம். இதைக் கழட்டச் சொல்லி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை."

எழும்பி வெளியில போனா. ஆரோடயோ கதைச்சிட்டு வந்தா. "கலியாண மோதிரத்தை நாங்கள் சொத்தில சேர்க்கிறேல்லை. இதையும் சேர்க்கமாட்டம். நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டா. நான் அவவின்ர கையைப் பிடிச்சுக் கண்ணில ஒத்தினன். பாவம், அவ வெருண்டு போனா.

வார்டில சேர்ந்து ரெண்டாம் நாள் அவர் திரும்பவும் ரத்தம் கக்கினார். ஸ்பிரிங்வேலில எண்டால் என்ர மடியிலயே முடிஞ்சிருக்கும். அங்க கட்டிலோட தள்ளிக்கொண்டு ஓடினவை. நான் வெளியில ஒரு கதிரையில இருந்து தாலியைப் பிடிச்ச கையை விடேல்லை. ஒப்பரேஷன் செய்த டொக்டர் வந்து, "பிழைச்சிட்டார்" எண்டார். ஒரு சதம் வாங்கேல்லை.

அடுத்த வருசம் அரசாங்கம் எல்லாருக்குமெண்டு வைத்தியத் திட்டம் கொண்டுவந்தது. கழுத்தைப் பாத்துக் கட்டில் குடுக்கிற காலம் போச்சு எண்டு நான் தேங்காய் உடைச்சனான். இப்ப அதிலயும் கைவைக்கினம், அது வேற கதை. அண்டையில இருந்து ஆஸ்பத்திரிக்குப் பயந்து அழுகிற எங்கட சனம் ஆராயிருந்தாலும் நான் கூடப் போவன். எனக்கு அம்மாள் தந்த வேலை அது. ஃபோனில அழுத தங்கச்சி, திங்கட்கிழமை உன்னோடயும் வாறன்.

அம்மாளிட்ட நான் மறை எண்டு கேட்டன். அவள் வெளியில இழுத்துப் போட்டாள். மறைச்சுத் தந்திருந்தால் அந்தக் கட்டில் பொய் சொல்லி வாங்கின கட்டிலா இருந்திருக்கும். அதுதான் பிள்ளையள், கேளுங்கோ, அழுங்கோ, என்னை மாதிரிப் பேசவும் பேசுங்கோ, அவள் கோவிக்கமாட்டாள். எப்பிடித் தரவேணும் எண்டு மட்டும் அவளுக்குப் படிப்பிக்கப் போகாதேங்கோ.

இப்ப பூசையில பின்னுக்கிருந்து சுருதி சேராமல் தேவாரம் பாடினது ஆரெண்டு கன பேர் திரும்பிப் பாத்தனீங்கள். அவர்தான், என்ர மனிசன்.