பொன்னாடைக்குப் பின் பன்னிரண்டு நிமிடம்

விவாத மேடையில் பயின்றவனுக்கு மணியோசை உடம்பிலேயே ஊறிவிடும். நான்காவது நிமிடத்தில் ஒரு தட்டு. முடிக்க ஆயத்தமாகு என்று பொருள். ஐந்தாவதில் இரண்டு தட்டு. அதன் பின் பேசும் சொற்களுக்குப் புள்ளி குறையும். கொழும்பு பம்பலப்பிட்டியில் பாடசாலை அணிக்குத் தலைவனாக இருந்த காலத்திலும் சரி, பின்னர் பல்கலைக்கழக அணியிலும் சரி, இரண்டாவது மணியின் அதிர்வு அடங்குமுன் என் கடைசி வாக்கியம் முற்றுப்பெற்றிருக்கும். நேரத்தை ஆளத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி நானே எண்ணியிருந்தேன். மணி அடிப்பதற்கென்று ஒருவர் எப்போதும் எதிரே அமர்ந்திருந்தார் என்பது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

பல்கலைக்கழக அணியில் எங்கள் மூன்றாம் பேச்சாளர் மலையகத்துப் பெண். பாமன்கடையில் ஓர் அறையில் தங்கிப் படித்தவள். அவளுடைய ஊர், ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், தொழிலாளர் குடியிருக்கும் நான்கு லய வரிசைகளும் ஒரு கோயிலும் ஒரு சிறு மைதானமுமாக இருக்கும் இடம். ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம் என்றாலும் திருவிழா என்றாலும் பாட்டுக்கும் தப்புக்கும் அந்த ஊருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய அந்தத் தப்பை அங்கே கோயில் மைதானத்தில் ஆண்கள் மட்டுமே அடித்துவந்தார்கள். அவளும் அவளோடு வளர்ந்த ஏழு பெண்களும் இரண்டு வருடமாக, விடுமுறை நாட்களில், தேயிலை நிறுக்கும் கொட்டகையில் பழகியிருந்தார்கள். கோயில் குழுவை ஒரு வருடம் கெஞ்சிய பின், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நாளன்று மாலை ஐந்தரை மணிமுதல் ஆறு மணிவரை அவர்களுக்கு மைதானம் கிடைத்தது. ஆறு மணிக்குப் பூசாரி விளக்கேற்றுவார். ஏற்றிவிட்டால் மைதானம் கூத்துக்காரர்களுடையது; வேறு வாத்தியம் ஒலிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

குழு ஒரு நிபந்தனையும் வைத்தது. பெரியவர்கள் முகம் சுளிக்காதபடி, வெளியிலிருந்து வரும் ஒருவர் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லித் தொடக்கிவைக்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதித் தேநீர்க்கடையொன்றில் வைத்து அவள் என்னைக் கேட்டாள்.

“அஞ்சு நிமிசம்தான்டா. அதுக்கு மேல வேணாம்.”

“அஞ்சு நிமிசத்தில நான் ஒரு அரசாங்கத்தையே கவிழ்ப்பன்.”

“எங்க தோட்டத் தலைவர கவுக்காம இருந்தா போதும்” என்றாள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட காலை ரயிலில், யன்னலோர இருக்கையில் அமர்ந்து, மலைகள் தோன்றத் தொடங்கியதைக்கூடச் சரியாகப் பாராமல், உரையை எழுதித் திருத்திக்கொண்டே போனேன். வாத்தியத்துக்கு ஆண் பெண் பேதம் இல்லை என்பது என் மையக் கருத்து. அதற்கு ஐந்து வாதங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணங்கள். ஐந்து நிமிடத்துக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மேடை ஏறியதும் மணியைக் கேட்டுச் சுருக்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். விவாத மேடைப் பழக்கத்தில்தான் அப்படி நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தின் ஓரத்தில் எட்டுப் பெண்களும் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த மானாப்புல்லையும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளையும் ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள். மலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை அணிந்திருந்த ஒருத்தி ஒரு தப்பை என் கையில் தந்தாள்.

“அடிங்க சேர், பாப்போம்.”

அடித்தேன். நனைந்த துணி மூட்டையில் விழுந்த அறைபோல ஓர் ஓசை வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதை வாங்கித் தீயின்மேல் காட்டி, திருப்பித் திருப்பிக் காய்ச்சி, மறுபடி தந்தாள். இம்முறை விரல் பட்டதுமே அது கணீரென்றது.

“இந்தக் குளிருக்கு ஏழெட்டு நிமிசம்தான் இந்தச் சத்தம் நிக்கும். அப்புறம் திரும்பக் காய்ச்சணும். நாங்க அடிக்க ஆரம்பிச்சிட்டா அடியிலயே சூடு நிக்கும்.”

“சேர் பேசுறப்போ காயுமா?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

“சேர் வாயில காட்டுனா காயும்” என்றாள் என் நண்பி. மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரி அடுத்த மாதம் வீட்டு வேலைக்காக வெளிநாடு போகிறாள் என்றும், இன்னொருத்திக்கு வைகாசியில் கல்யாணம், தூரத்துத் தோட்டமொன்றுக்குப் போய்விடுவாள் என்றும் என் நண்பி தணிந்த குரலில் சொன்னாள். “எட்டுப் பேரும் ஒண்ணா நிக்கிறது இன்னிக்கு மட்டுந்தான்டா.”

அவள் சொன்னதைத் தெளிவாகவே கேட்டேன். என் உரையின் நான்காம் வாதத்துக்கு அது உருக்கமான உதாரணமாகும் என்றும் அந்தக் கணமே எனக்குத் தோன்றியது.

என் கைத்தொலைபேசியை அவளுடைய மாமாவிடம் கொடுத்து, தொடக்கத்திலிருந்தே பதிவுசெய்யும்படி கேட்டுக்கொண்டேன். ஐந்தரைக்கு மேடைக்கு அழைத்தார்கள். எனக்குப் பின்னால், ஐந்து அடி தள்ளி, எட்டுப் பெண்களும் தப்புகளுடன் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஊர் முழுவதும் தரையில் அமர்ந்திருந்தது. ஒலிவாங்கி நல்லது. பனிக்குள் என் குரல் போய் எதிர் மலையில் பட்டுத் திரும்பிவந்ததைக் கேட்டேன். அப்படியொரு மண்டபம் கொழும்பில் எனக்கு வாய்த்ததில்லை.

முதல் வாதம் முடிந்தபோது கைதட்டினார்கள். இரண்டாவதின் நடுவிலும் தட்டினார்கள். மூன்றாவதில், நான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம், ஒரே சீராக, நீளமாகத் தட்டினார்கள். விவாத மேடையில் அவ்வாறான கைதட்டலை நான் இரண்டு முறைதான் பெற்றிருக்கிறேன். நாலாவதைத் தொடங்கியபோது ஒரு பெரியவர் எழுந்துவந்து தண்ணீர்க் குவளையை நீட்டினார். “தம்பி, குடிங்க, களச்சிப் போயிட்டீங்க” என்றார். அவருடைய அன்பு என்னை நெகிழச் செய்தது. குடித்துவிட்டு, தண்ணீரை வைத்தே ஓர் உவமை சொன்னேன்.

அதன் பிறகுதான் தோட்டத் தலைவர் பொன்னாடையோடு மேடைக்கு வந்தார்.

கொழும்பு மேடைகளில் பேச்சாளருக்குப் பொன்னாடையைப் பேசத் தொடங்குமுன் போர்த்துவார்கள். அதை அணிந்துகொண்டு, அந்தக் கௌரவத்துக்கு ஏற்பப் பேச வேண்டும். அந்த ஊரிலோ பேசி முடித்தவருக்குத்தான் போர்த்துவார்கள். போர்த்தினால் நன்றி, இனி இறங்கலாம் என்று பொருள். எனக்கு அது தெரியாது. தலைவர் என் தோளில் அதைப் போர்த்தினார். மக்களில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். நான் கைகூப்பினேன். “இந்தப் பொன்னாடை எனக்குரியதன்று, எனக்குப் பின்னால் நிற்கும் இந்த எட்டுப் பெண்களுக்குரியது” என்று தொடங்கினேன். எழுந்தவர்கள் மெல்ல மறுபடி உட்கார்ந்தார்கள்.

அதன் பின் பன்னிரண்டு நிமிடம் பேசினேன்.

ஐந்தாம் வாதத்தின் முடிவில், பெண்ணின் கையை எந்த வழக்கமும் கட்டிவைக்க முடியாது என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்களைச் சுட்டிக்காட்டத் திரும்பினேன். பூசாரி விளக்கோடு மைதானத்தின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தார். கூத்துக்காரர்கள் ஒப்பனையோடு மறுபக்கத்தில் நின்றார்கள். பெண்கள் தப்புகளைக் கீழே இறக்கியிருந்தார்கள். விளக்கை ஏற்றினார். ஆண்களின் தப்பு அதிர்ந்தது. பனியையும் கிழித்துக்கொண்டு வந்த அந்த ஓசையில்தான், நான் எதைத் தடுத்து நின்றிருந்தேன் என்பது எனக்கு விளங்கியது.

நண்பியைத் தேடிப் போனேன். அணைந்த தீயருகே சாம்பலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“நீ என்னை நிப்பாட்டியிருக்கலாமே. ஏன் நிப்பாட்டேல்ல?”

“எப்பிடி நிப்பாட்டுறது? குழு கூப்புட்டு பேச வச்ச ஆள நாங்க எறக்குனா, பாத்தியா, பொம்பளைங்க கையில தப்ப குடுத்தா இதான் நடக்கும்னு சொல்வாங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அவங்கள் கை தட்டினவங்கள்…”

“ஒன்ன எறங்கச் சொல்லித்தான்டா தட்டுனாங்க.”

தலைவரிடம் நானே போய்க் கேட்பதாகச் சொன்னேன். அவள் தயங்கினாள், பின் கூடவே வந்தாள். கோயில் வாசலில் அவர் தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பிழை என்னுடையது, கூத்தின் இடைவேளையில் இந்தப் பெண்களுக்குப் பத்து நிமிடம் தரவேண்டும் என்று கேட்பதுதான் என் எண்ணம். “ஐயா, பிழை முழுக்க என்னுடையது” என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். “இதை நான் மூன்று காரணங்களால் சொல்லுகிறன்” என்று என் வாய் தொடர்ந்தது.

“போதும்டா” என்றாள் அவள், என் முழங்கையைப் பிடித்து.

தலைவர் கோபப்படவில்லை. “நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. எங்களுக்கு இவ்வளவு பேச்சு பழக்கமில்ல” என்றார். பின் அவளைப் பார்த்து, “வெளக்கு ஏத்தியாச்சும்மா. அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அடுத்த வருடம் எட்டுப் பேர் இருக்க மாட்டார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நானும் அவளும் அதைச் சொல்லவில்லை. நான் முதல்முறையாகச் சொல்லாமல் விட்ட வாதம் அது.

மறுநாள் காலை அவள் என்னைப் பேருந்துவரை கொண்டுவந்து விட்டாள். பழைய நட்புக்குரிய கேலி எதுவும் அவளிடம் இல்லை. மரியாதையாகவே கையசைத்தாள், அந்த மரியாதை கொழும்புவரை என்னை உறுத்தியது.

வெள்ளவத்தைக்கு வந்ததும் அம்மா காணொளியைக் கேட்டார். இருபத்தாறு நிமிடம். கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, பெரிதாகப் போட்டுப் பார்த்தார்.

“என்ன மாதிரிக் கை தட்டுறாங்கள் பார் ராசா! பொன்னாடையும் போத்தியிருக்கினம். இதைக் கனடாச் சித்திக்கு அனுப்பட்டே?”

“வேண்டாம் அம்மா.”

“ஏன்? உனக்கெப்பவும் வெக்கம்” என்றார். எனக்கு வெட்கம் என்று இதற்கு முன் எவரும் சொன்னதில்லை.

என் குரலைக் கேளாமல் இருப்பதற்காக நான் திரையில் என்னைத் தவிர்த்து, எனக்குப் பின்னால் பார்த்தேன். மேடையில் நான் கடைசிவரை திரும்பிப் பாராதது முழுவதும் அங்கே இருந்தது. முதல் வாதத்தின்போது எட்டுப் பேரும் தப்பை நெஞ்சோடு பிடித்தபடி, குச்சிகளை விரலிடுக்கில் வைத்து, ஆயத்தமாக நிற்கிறார்கள். இரண்டாவதில் சிவப்புச் சட்டைக்காரி தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நண்பியிடம் ஏதோ சொல்கிறாள். மூன்றாவதில் இரண்டிரண்டு பேராகக் குனிந்து போய்த் தீயில் காட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். நான் தண்ணீர் குடித்தபோது மறுபடியும் போகிறார்கள். பொன்னாடை வந்ததும் எட்டு முகங்களும் நிமிர்கின்றன, குச்சிகள் உயர்கின்றன. நான் கைகூப்பித் தொடர்கிறேன். குச்சிகள் இறங்குகின்றன. சாக்கில் புல் தீர்ந்திருக்க வேண்டும். ஒருத்தி பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்துத் தீயில் போடுகிறாள். அதன் பின் யாரும் தீயிடம் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நண்பியிடமிருந்து செய்தி வந்தது. புள்ளைங்க கேக்குறாங்க, வீடியோவ அனுப்பு என்று எழுதியிருந்தாள். நான் என் உரையை வெட்டிவிட்டு அவர்களை மட்டும் அனுப்ப முயன்றேன். வெட்டினால் எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் தப்போடு நின்ற நேரமெல்லாம் நான் பேசிய நேரம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அது இரண்டு பக்கம் வந்தது, அழித்தேன். காணொளியை முழுதாக, ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பிவைத்தேன்.

அன்று மாலையே பதில் வந்தது.

“எட்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாத்தோம். எல்லாரும் நல்லா தெரியிறோம். சத்தத்த நிப்பாட்டிட்டுத்தான் பாத்தோம்.”