பின்சந்து முலாம்பழம்

முலாம்பழ வாசனை எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் கேன்டீனில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பழத்தைத்தான் வெட்டி வைப்பார்கள். காலையிலேயே வெட்டி, மதியம்வரை வியர்த்துக் கிடந்து, மேலே ஈ உட்கார்ந்த துண்டுகள். அந்த இனிப்பு நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். ஓய்வு பெற்ற பிறகாவது அந்தக் கருமத்தை முகராமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட நான்தான் ஜெலுத்தோங் வீட்டின் பின்பக்கத்தில் முலாம்பழக் கொடி போட்டேன்.

என் மனைவிக்காகப் போட்டேன். அவளுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. மருந்து ஏறிய பிறகு வீட்டிலிருந்த எல்லா வாசனையும் அவளுக்கு நாற்றமாகிவிட்டது. சோறு கொதித்தால் குமட்டல். கடுகு தாளித்தால் அறைக்குள் ஓட்டம். நான் குளித்துவிட்டு வந்தால் சோப்பு நாறுகிறது என்பாள். குளிக்காமல் வந்தால் நான் நாறுகிறேன் என்பாள். சாப்பிட்டதெல்லாம் கட்டிலுக்கடியில் இருந்த சிவப்பு பேசினுக்குத்தான் போனது.

அந்த பேசினைக் கழுவுவது என் வேலை. நானோ பிறவியிலேயே அருவருப்பு பிடித்தவன். அடுத்தவர் தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது துணி மாற்றச் சொன்னால் கடைக்குக் கிளம்பிவிடுவேன். இந்த வயதில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பேசின் கழுவக் கற்றுக்கொண்டேன். பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் படுத்தபடியே சொன்னாள். "குளுகுளுன்னு ஒரு முலாம்பழம் தின்னா உள்ள நிக்கும்னு தோணுதுங்க."

உலகத்தில் எத்தனையோ பழம் இருக்க, அவளுக்கு இதுதான் தோன்ற வேண்டுமா? ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போய், தலை அளவுக்கு ஒன்று வாங்கி வந்தேன். வெட்டிய பழத்தை வைத்திருந்து சாப்பிடக் கூடாது, அப்போதே வெட்டி அப்போதே முடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டு கடி கடித்துவிட்டு, வாசனையே இல்லை, ரப்பரைத் தின்பது போல இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். மீதியை நான் தொட மாட்டேன். வீணாக்க மனமில்லாமல் பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் அவள் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தாள், அவ்வளவுதான், பேசினை எடுக்கக்கூட நேரமில்லை. அந்தப் பழத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அது அங்கேயும் கிடந்து ஊறி, சமையலறை முழுக்க ஈயைக் கூட்டிவிட்டது. சீ, என்ன பிழைப்பு இது என்று எனக்கு வெறுத்துப்போனது.

"பெரிசு வேணாம்லா," என்றாள். "ஒரு ஆளு ஒரே தடவையில தின்னு முடிக்கிற மாதிரி சின்னதா, செடியிலேர்ந்து அப்பவே பறிச்சதா இருந்தா தேவல."

அப்படிப்பட்டது பசாரில் கிடைக்கவில்லை. நாமே போடலாம் என்று கைப்பேசியில் வீட்டுத்தோட்டக்காரர்கள் குழு ஒன்றில் சேர்ந்து, சின்ன முலாம்பழத்தில் எந்த ரகம் நல்லது என்று கேட்டேன். கேட்டது சின்னது. வந்ததெல்லாம் முகத்தை மறைக்கும் அளவுக்குப் பழத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ. ஒருவர் ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், மீன் குடலை வெல்லத்தில் ஊறப்போட்டு, புழுத்த பிறகு வடிகட்டி ஊற்றுங்கள் என்று படத்தோடு விளக்கம் அனுப்பியிருந்தார். காலைப் பசியாறும் நேரத்தில் அதைத் திறந்து பார்த்துத் தொலைத்தேன். குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

பிறகு பாலிக் புலாவ் போகும் சாலையில் இருந்த நாற்றுப்பண்ணைக்குப் போனேன். கடைக்காரச் சீனப் பெண்மணி, இடம் எவ்வளவு, வெயில் எப்போது விழும் என்று மலாயில் கேட்டார். சமையலறைக்கும் பின்வேலிக்கும் நடுவில் நாலு எட்டு அகலம், காலை வெயில் மட்டும், வேலிக்கு அந்தப் பக்கம் லோரோங் சந்தும் சாக்கடையும் என்றேன். மூன்று பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஒன்று மேலே வலை பின்னியது போலத் தோலுள்ள சின்ன முலாம். ருசி அதில்தான் அதிகம், ஆனால் மழை அடித்தால் பழம் வெடிக்கும், இலையில் சாம்பல் பூத்துவிடும். இரண்டாவது கைக்கு அடங்கும் தர்பூசணி. பழம்தான் சின்னது, கொடி ஊர் சுற்றும். வாசனை என்று ஒன்றும் கிடையாது. மூன்றாவது வழுவழுப்பான மஞ்சள் முலாம், பெரிய மாங்காய் அளவு. இனிப்பு சுமார்தான், ஆனால் வேலியில் சொன்னபடி ஏறும், சீக்கிரம் பழுக்கும், பழுத்தால் வாசனை வாசல்வரை வரும்.

வாசனை கிடையாது என்றதுமே என் கை தர்பூசணிக்குப் போய்விட்டது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எது வாசம் வருமோ அத வாங்குங்க," என்றாள்.

"வாசம்தான ஒனக்கு ஆகல?"

"நல்ல வாசம்னு ஒண்ணு எனக்கு மிச்சம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணுங்க. எல்லாமே இப்படியே போயிடுமோன்னு பயமா இருக்கு."

மஞ்சள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தோட்டம் போடுவது மனதுக்கு நிம்மதி என்று சொல்கிறவர்களைப் பிடித்து என் பின்பக்கத்தில் ஒரு வாரம் நிறுத்த வேண்டும். சாக்கடையிலிருந்து எலி வந்து, விதை போட்ட பையிலிருந்த மண்ணைக் கிளறியது. நத்தை வந்து இளம் இலைகளில் சளியை இழுத்துவிட்டுப் போனது. மஞ்சள் வண்டுகளைக் கையால்தான் நசுக்க வேண்டும். நசுக்கினால் விரலில் ஒரு மஞ்சள் திரவம் ஒட்டும், அதன் நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பிஞ்சு கோழிமுட்டை அளவு வந்ததும் துணிப்பை கட்டிவிடு, இல்லையென்றால் பழ ஈ துளைபோட்டு முட்டை வைத்துவிடும், வெட்டினால் உள்ளே புழுவாக நெளியும் என்று அந்தப் பெண்மணி எச்சரித்திருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோற்றில்கூடப் புழு நெளிவது போலிருந்தது. ஆனாலும் கொடி வேலியில் ஏறியது. பூவும் வைத்தது.

அதே சமயத்தில்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து, சாயங்காலமானால் யாராவது பழக்கூடையோடு வந்துவிடுவார்கள். நலம் விசாரிக்கிறார்களாம். அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். "எப்படி இருந்த பொண்ணு, இப்படி ஆயிட்டியேம்மா," என்று ஆரம்பிப்பார்கள். துணிக்குக் கீழே முடி இருக்கிறதா இல்லையா என்று கண் அங்கேயே நிற்கும். ஒரு அம்மாள், தன் நாத்தனாருக்கும் இதே வியாதிதான் என்று தொடங்கி, அவருடைய கருமாதிச் சாப்பாடுவரை சொல்லிவிட்டு, பிறகு தேநீரில் சீனி போதவில்லை என்றார். எனக்கு எழுந்து கதவைக் காட்டலாம் போலிருந்தது. அவ்வளவு ஆத்திரம்.

அவளைப் பார்த்து முடித்த பிறகு பேச ஒன்றும் இருக்காது. உடனே எல்லாரும் கொடியைப் பார்க்கப் பின்பக்கம் போவார்கள். "இங்க ஒண்ணு இருக்கு பாரு, அங்க ஒண்ணு," என்று விரலை நீட்டி எண்ணுவார்கள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித் தருகிறோம். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு விரலும் நீளும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் பார்த்தால் கொடி முழுக்கக் குட்டிக் குட்டித் துணிப்பைகள். பழைய உள்பாவாடையைக் கிழித்து அவளே தைத்துக் கட்டியிருந்தாள். ஈக்காகத்தான் முந்திக்கொண்டாள் என்று நினைத்தேன். எழுந்து ஊசி பிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்ததே என்று சந்தோஷம். ஆனால் நாளாக நாளாக எந்தப் பையும் பருக்கவில்லை. ஒன்றை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே மலராமலே வாடிய பூ, வழவழவென்று கறுத்துப்போய், எறும்பு மொய்த்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே. கையை உதறிக்கொண்டே உள்ளே போனேன்.

"பிஞ்சு பிடிக்கிறதுக்கு முன்னாடியே பூவ மூடிட்டியேடி. தேனீ வராம எப்படிக் காய்க்கும்?"

"பூவுக்குப் பின்னாலயே குண்டா ஒண்ணு இருந்துச்சே. அதான் பிஞ்சுன்னு நெனச்சேன்."

"ஈக்குன்னா பிஞ்சு கொஞ்சம் பெருத்த பொறவுதான் கட்டணும்னு ஒனக்குச் சொன்னேனா இல்லையா?"

"ஈக்குக் கட்டலீங்க," என்றாள். தலைத்துணியின் முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். "வர்றவங்க கண்ணுக்குக் கட்டுனேன். என்னத்தான் பாக்காதீங்கன்னு சொல்ல முடியல. அதையாவது மூடி வைக்கலாம்னு பாத்தேன்."

பின்பக்கம் போய் எல்லாப் பையையும் அவிழ்த்துப் போட்டேன். கொடியின் நுனிகள் அதற்குள் காய ஆரம்பித்திருந்தன.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கொடியின் ஒரு கிளை வேலி இடுக்கு வழியாக அந்தப் பக்கம் லோரோங்குக்குள் இறங்கியிருந்தது. அதை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. லோரோங்குக்கு எதிர்வீட்டு அக்கா குப்பை கொட்ட வந்தபோது சொல்லித்தான் தெரிந்தது. "அண்ணே, ஒங்க காய் வெளிய தொங்குது. வர்றவன் போறவன்லாம் காட்டிட்டுப் போறான். மூடி வைங்கலா."

போய்ப் பார்த்தேன். சாக்கடைக்கு மேலே, கோழிமுட்டையைவிடப் பெரிதாக ஒரு காய் தொங்கியது. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார், நாயோடு நடக்கிற சீனக் கிழவர் விரல் நீட்டிக் காட்டுகிறார். நான் ஈக்குப் பயந்து பையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. இவ்வளவு பேர் பாத்தும் நிக்குதுல்ல. அப்படியே இருக்கட்டும்."

நான் தினமும் காலையில் போய் அந்தக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருநாள் அடிப்பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் காய்ந்திருந்தது. போச்சு, ஈ வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

காய் மஞ்சளானது. ஒரு காலையில் பின்கதவைத் திறந்ததுமே எனக்கு அந்தக் கேன்டீன் நாற்றம் மூக்கில் ஏறியது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, அவள் என்னை விலக்கிவிட்டு லோரோங்குக்குப் போனாள். புழுக்கமாக இருந்ததால் தலையில் துணி இல்லை. குனிந்து பழத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"வாசமா இருக்குங்க," என்றாள். அழுதாள்.

லேசாகத் திருகியதும் பழம் கையோடு வந்தது. நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்து, கத்தி கொண்டு வரச் சொன்னாள். நான் கத்தியோடு பேசினையும் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அவள் வெட்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்றிருந்தது. புழு இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு அக்கா குப்பைப் பையோடு வந்தார். வழுக்கைத் தலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, என்னம்மா இது..." என்று தொடங்கினார்.

என் மனைவி தலையைக் கையால் மூடவில்லை. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"பாத்தது போதுங்கக்கா. சாப்பிடுங்க."

அக்கா வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினேன், சகிக்கவில்லை. மீதியை அவள் ஒவ்வொரு துண்டாக, தோல்வரை சுரண்டி, மெதுவாகத் தின்று முடித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அன்று அந்தச் சிவப்பு பேசினைக் கழுவ வேண்டிய வேலை எனக்கு இல்லை.