ரப்பர் உட்காரும் நேரம்

என் வீட்டுக்காரர் வின்சென்ட் பொய்க் காசு பழுது பார்ப்பவர். உடனே யாரும் போலீசைக் கூப்பிட வேண்டாம். வித்தைக்காரர்கள் கையில் வைத்து விளையாடும் காசைச் சொல்கிறேன். பினாங்கில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஆயுளெல்லாம் இரும்பைச் செதுக்கிக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்றதும் மற்ற ஆண்களைப் போலக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அரசியல் பேசியிருக்கலாம். அது அவருக்கு வராது. பேச்சே வராது. கல்யாணமான புதிதில், இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று நான் அழுததுகூட உண்டு. என் தையல் மெஷினுக்கு நான் கேட்காமலே எண்ணெய் போட்டு வைப்பதுதான் இவர் பேசும் பேச்சு என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்களுக்கு ஒரே மகள், லினெட். அவள்தான் வித்தைக்காரி. பெரிய பயணிகள் கப்பல் ஒன்றில் மேடையேறுகிறாள். அவளுடைய முதல் வித்தை நம் ஊர் பழைய ஐம்பது காசு. குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் புட்டியைக் கையில் பிடித்து, அடியில் காசைத் தட்டுவாள். காசு உள்ளே போய்க் கிலுகிலு என்று ஆடும். புட்டியின் வாயிலோ ஒரு விரல்தான் நுழையும்.

சொல்லிவிடுகிறேன், லினெட் என்னைத் திட்டினால் திட்டட்டும். அந்தக் காசு மூன்று துண்டாக அறுக்கப்பட்டது. விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் மூன்று துண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அழுத்தினால் காசு மடங்கும். புட்டியின் வாய் வழியாக உள்ளே நழுவியதும் டக்கென்று நிமிர்ந்துகொள்ளும். அறுத்தது, பள்ளம் எடுத்தது, எல்லாம் இவர் கை. "கவர்மெண்டு காசை அறுக்கிறீங்க, ஒருநாள் வந்து புடிச்சிட்டுப் போகப்போறாங்க" என்று நான் கத்தியதும் இவர் காதில்தான். காது அப்போது வேலை செய்யவில்லை.

காசு என்றைக்கும் கெடாது. கெடுவது ரப்பர். கை வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்து சில மாதங்களில் அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கடையில் விற்கிற ரப்பர் எதுவும் சரிப்படாது. பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளுக்குப் போடுகிற தேன் நிற வளையம்தான் பள்ளத்தில் ஒழுங்காகப் பொருந்தும். அதற்காகப் பல் கிளினிக்கில் வேலை செய்யும் சலேஹாவிடம் போய் நிற்பார். கம்பி யாருக்கு அங்கிள் என்று அந்தப் பெண் முதல்முறை கேட்டபோது, பல்செட் போட்ட இந்த மனிதர் தன் வாயையே தொட்டுக் காட்டியிருக்கிறார். பொய் சொல்லக்கூடத் துப்பில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. வித்தைக் காசைத் துலக்கவே கூடாது. ஒருமுறை லினெட் கொண்டுவந்த காசு அழுக்காக இருக்கிறதே என்று, குத்துவிளக்குத் தேய்க்கும் புளியைப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். காசைப் பார்த்துவிட்டு மனிதர் சோறு சாப்பிடவில்லை. மற்ற காசுகளுக்கு நடுவில் அது மட்டும் மின்னினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. வேறொரு காசைக் கொடுத்து மகளை அனுப்பிவிட்டு, இதைச் சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் பாசாருக்கும் மாதா கோயில் பூசைக்கும் திரிந்தார், அதன் மினுக்கு அடங்கும் வரை.

லினெட்டின் கப்பல் அவ்வப்போது ஸ்வெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும். காலையில் வந்தால் மாலையில் கிளம்பிவிடும். அவள் இறங்கி ஓடி வந்து, "டேடி, ரப்பர் போச்சு" என்று காசை நீட்டுவாள். இவர் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பல் குத்தும் குச்சியால் பள்ளத்தைச் சுரண்டி, புது வளையத்தை ஊசியால் தூக்கி மாட்டுவார். அதன் பிறகு காசை மேசைமேல் வைத்து ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடுவார்.

"ரப்பர் ஒக்காரணும். ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் பிள்ளை என் சமையலைச் சாப்பிடுவாள், தன் பழைய கட்டிலில் படுத்துப் புரளுவாள், அப்பாவின் தோளில் சாய்ந்து டிவி பார்ப்பாள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, லிட்டில் இந்தியாவில் ஏதாவது கடையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கலாமே என்று அவள் ஒருமுறை கேட்டாள். இவர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். வீட்டில்தான் வெளிச்சம் சரியாக இருக்கிறதாம்.

நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், ஷஃபீக் வரும் வரை. பட்டர்வொர்த்தில் பிறந்தநாள் வீடுகளில் வித்தை காட்டும் பையன் அவன். அவனுடைய மடக்குக் காசுக்கு இவர் ரப்பர் மாற்றியதை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் காசு அவன் கையில் இருந்தது. தம்ளரும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவன் போனதும் கேட்டேன். "ஏங்க, அவன் ரப்பர் ஒக்கார வேணாமா?"

"அது வேற ரப்பர்."

ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

சென்ற மாதம் லினெட் போன் செய்தாள். கப்பல் இனிமேல் ஐரோப்பாப் பக்கம் போகிறதாம். பினாங்குக்கு ஒரு தடவைதான் வரும், அதற்குப் பிறகு எப்போது என்று அவளுக்கே தெரியாதாம். நான் போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன்.

"இந்தத் தடவையாச்சும் அவளுக்கு ரப்பர் மாத்தக் கத்துக்குடுத்துருங்க. பாக்கெட்டையும் குடுத்து அனுப்புங்க. நடுக்கடல்ல அறுந்துச்சுன்னா பிள்ளை என்னா செய்வா?"

இவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கத்துக்குடுத்துட்டா அப்புறம் எதுக்கு ரீத்தா அவ வரணும்?"

இத்தனை வருடத்தில் இந்த மனிதர் மனதில் உள்ளதை அப்படியே வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நம்மைப் பார்க்க வருவாளே என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான். அவள் வேலை அப்படி, அவள் வயது அப்படி. அப்பா அம்மாவைப் பார்ப்பதை அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போடலாம். அறுந்த ரப்பரைத் தள்ளிப்போட முடியாது.

அவள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்ட என்னைக் கட்டிக்கொண்டு, மறுகையால் காசை அப்பாவிடம் நீட்டினாள்.

"டேடி, விரியவே மாட்டேங்குது."

இவர் விளக்கடியில் உட்கார்ந்து காசைப் பிரித்தார். நான் கரண்டியும் கையுமாகப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது தேன் நிற வளையம் இல்லை. கறுப்பு. புத்தம் புதுசு, நல்ல இழுப்பு. பள்ளத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இவர் சுரண்டுவதைவிடச் சுத்தமாக யாரோ சுரண்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அந்தக் கப்பலில் வேறு யாருக்குத் தெரியும்?

இவர் அந்தக் கறுப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாக இறங்கியது. எனக்கு மகள்மேல் கோபம் வந்தது, பிறகு அவர்மேல், பிறகு காரணமே இல்லாமல் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த கறிமேல். அவளுக்கு வேலை தெரிந்துவிட்டது. எப்போதிருந்து தெரியுமோ? ஒன்றும் பழுதாகாத காசைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை ஆயர் ஈத்தாமில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஓடி வந்தாளோ?

இவர் கறுப்பு வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப மோசமாப் போச்சும்மா. நல்லவேளை கொண்டாந்தே."

"அதான் டேடி, நேரா இங்க வந்துட்டேன்."

ரெண்டு பேரும் முகம் மாறாமல் பொய் சொன்னார்கள். அப்பனுக்குக்கூடத் துப்பு வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் வித்தை தெரியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

இவர் புது வளையம் மாட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக மாட்டினார். தம்ளரைக் கவிழ்த்தார்.

"ஒரு மணி நேரம் ஒக்காரணும்."

"கூடக் கொஞ்ச நேரம் வைங்க லா டேடி. நாலு மணிக்குக் கப்பல் ஏறுனாப் போதும்."

சாப்பிட்டுவிட்டு சோபாவில் அப்படியே தூங்கிப்போனாள். இவர் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். காசைப் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. நேரம் ஆனபோதும் எழுப்பவில்லை. நான்தான் எழுப்பினேன். என்றைக்கும் அந்தக் கெட்ட வேலை எனக்குத்தான்.

அவளைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகக் காடி வந்து கீழே நின்றது. இவர் தம்ளரைத் தூக்கிக் காசை எடுத்து நீட்டினார். கூடவே ரப்பர் பாக்கெட்டையும் நீட்டினார். அதற்கு அவருக்கு எவ்வளவு மனது வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லினெட் காசை வாங்கி விரலால் அழுத்தினாள். மடங்கியது. விட்டாள், டக்கென்று நிமிர்ந்தது. இதைவிட நன்றாக ஒரு காசு நிமிர முடியாது.

"இன்னும் ஒக்காரலை டேடி" என்றாள்.

காசைத் திரும்பவும் மேசைமேல் வைத்தாள். தம்ளரைக் கவிழ்த்து மூடினாள். ரப்பர் பாக்கெட்டை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"கப்பல்ல வேற ஒண்ணு வச்சிருக்கேன். இது இங்கயே இருக்கட்டும். நல்லா ஒக்கார்ந்ததும் வந்து எடுத்துக்கறேன்."

அவள் படியிறங்கிப் போனதும் இவர் ஜன்னலுக்குப் போகவில்லை. மேசை முன்னால் நின்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பூசையில் பிடிப்பதுபோல, வலிக்கிற மாதிரி.

தம்ளர் இன்னும் அங்கேதான் கவிழ்ந்திருக்கிறது. மேசை துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தன் காசோடு வந்த ஷஃபீக், பேச்சுவாக்கில் தம்ளரைத் தூக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே" என்றார் இவர். "ரப்பர் ஒக்காருது."

"என்னா அங்கிள், எனக்கு மட்டும் உடனே குடுத்துர்றீங்க?"

"நீ தெனம் வர்றே" என்று சொல்லிவிட்டு, அவன் காசை வாங்கி விளக்கடியில் பிரித்தார்.