வெள்ளி இரண்டு மணிக்கு எத்தனை சேர்வர்?

கூட்ட மேசையில் விரித்திருந்த வரைபடத்தின்மேல் ராத்தா விரலை ஊன்றிய விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை நோயாளர் வருகையைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. “இது சும்மா கிடக்கிற நேரமில்ல சேர், ஜும்ஆத் தொழுகை நேரம்” என்றார், கொழும்பிலிருந்து வந்திருந்த முகாமையாளரிடம்.

கல்முனைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். நான் அவருக்கு அடுத்தவன். கூடப் பிறந்த அக்கா இல்லாவிட்டாலும் எங்கள் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். நோயாளிகளின் பதிவுகளைத் தாங்கும் புதிய சேர்வர் கணினிகளுக்குக் கொழும்புத் தலைமையகம் திட்டம் எழுதி அனுப்பியிருந்தது. இரண்டு சேர்வர், ஒவ்வொன்றுக்கும் இத்தனை புரொசசர், இவ்வளவு மெமரி. மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை வெள்ளி மதியம். ஒன்றில் அது நடக்கும்போது மற்றது தனியே சமாளிக்குமாம். எல்லாம் வாரச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கொழும்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை போலும்.

“பள்ளிக்குப் போன சனம் ஊட்ட போய்ச் சோறு திண்டுட்டு, ரெண்டு மணிக்கு ஒண்டா வந்து இறங்கும். வேலை இழுபட்டா ஒரு சேர்வர் தாங்காது. மூணு வேணும். புதுப்பிக்கிறத ஞாயிறு சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வைங்க.”

முகாமையாளர் சிரித்தார். திட்டத்தில் ஒப்பம் வைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார். “ராத்தா, இப்ப வைங்க, பிறகு பாப்பம்” என்று நான் முணுமுணுத்தேன்.

“பிறகு வந்து நிக்கிற சனத்துக்கு ஆரு பதில் சொல்ற? நீயா?”

அந்த வாரமே அவர் வேலையை விட்டுப் போனார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பம் வைத்தவன் நான்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புதிய சேர்வர்கள் ஓடத் தொடங்கிய மூன்றாவது வெள்ளியே ராத்தா சொன்னது நடந்தது. புதுப்பிக்கும் வேலை மூன்று மணி தாண்டி இழுத்தது. மிஞ்சிய சேர்வர் கூட்டத்தைத் தாங்காமல் படுத்துவிட்டது. பாலமுனையிலிருந்து காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று, பதிவு திறக்காததால், வைத்தியர் தாயிடம் கேட்டார். “அத நீங்கதானே எழுதி வெச்ச?” என்றாள் தாய். வைத்தியர் ஊசி போட அஞ்சினார். நாலரை மணிவரை அந்தப் பிள்ளை அனத்திக்கொண்டே கிடந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவனாக நான் அங்குமிங்கும் ஓடினேன். மறுநாள் தொலைபேசியில் சொன்னபோது ராத்தா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வருடங்கள் ஓடிப் பழசாகிவிட்ட அந்தச் சேர்வர்களை மாற்ற இந்த மாதம் கொழும்பிலிருந்து புதிய திட்டம் வந்திருக்கிறது. இயந்திரங்கள் புதியவை, எண்ணிக்கை அதே இரண்டு, நேரம் அதே வெள்ளி மதியம். ராத்தா கேட்ட மூன்றையும் ஞாயிறையும் எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒப்பம் வைக்கிறீரா, வேறு ஆளைப் பார்க்கவா என்று கேட்டார்கள்.

இன்று காலை பதில் போட்டேன்: “தாராளமாகப் பாருங்கள். வருகிறவர் வெள்ளி இரண்டு மணிக்கு வரட்டும். பதிவு மேசைக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி, அவருக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஒப்பம் வைக்கட்டும்.”