இல்லை என்று மட்டும் எழுதாதவர்

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். கொழும்பு அலுவலகத்திலிருந்து தொலைபேசி. “ஸ்டெல்லா இல்லையாம்” என்றார்கள். “அப்ப எங்க போயித்தா?” என்று கேட்டேன். கதிரவெளிப் பக்கத்து முகாமுக்கு அவர் போன வழியில் ஷெல் விழுந்தது என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. முட்டாள்தனமான கேள்விதான். அப்படிக் கேட்கப் பழக்கியவரே ஸ்டெல்லா அக்காதான்.

மட்டக்களப்பில் எங்கள் நிவாரண அலுவலகத்தில் நான்கு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். இடம்பெயர்ந்தவர்களைப் பதியும் மென்பொருளுக்கு இணையத்தில் தமிழ் உதவிப் பக்கங்கள் எழுதுவது எங்கள் வேலை. கொழும்பில் நினைத்தபாட்டுக்கு மென்பொருளில் ஒரு பகுதியின் பெயரை மாற்றுவார்கள், ஒரு பகுதியைத் தூக்குவார்கள். முகாம்களில் பதிபவர்கள் பழைய பெயரைத் தேடித் திண்டாடுவார்கள்.

பிழை விட்டவள் நான். காணாமல்போனவர்களின் பெயர்களைப் பதியும் ‘தேடப்படுவோர்’ என்ற பகுதியை ‘குடும்ப இணைப்பு’க்குள் கொழும்பில் சேர்த்தபோது, பழைய பக்கத்தை அழித்துவிட்டு ஒரு வரி போட்டேன்: “தேடப்படுவோர் இனி இல்லை.” சுருக்கமாக எழுதினேன் என்று பெருமை வேறு. வெல்லாவெளி முகாமில் மகனைத் தேடிவந்த ஒரு தாய்க்கு, பதிபவர் அதை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒருவர் இனி இல்லை என்றால் நம்மிடம் அதற்கு ஒரே அர்த்தம்தானே. மகன் செத்துவிட்டான் என்று அந்தத் தாய் ஒப்பாரி வைத்திருக்கிறார்.

அக்கா என்னை ஏசவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்தத் தாயின் கையைப் பிடித்து, “அம்மா, இல்லயெண்டு எழுதினது பக்கத்த. உங்கட மகன இல்ல. அவர்ர பேர் இரிக்கி. நாங்க இன்னும் தேடுறம்” என்றார். “இரிக்கா, மகள்?” என்று தாய் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அக்கா “ஓம்” என்றார். நான் பின்னால் நின்று அழுதேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: “இல்ல எண்டு மட்டும் எழுதாதகா. முந்தி என்ன பேர், என்ன நடந்தது, இப்ப எங்க போகணும். மூணையும் எழுது. வாசிக்கிற ஆள நடுத்தெருவில உடாத.”

அதன்பின் பழைய பெயர் ஒன்றைக்கூட நாங்கள் அழிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், ஏன் இவ்வளவு குப்பை என்று கேட்டார். “பேர் குப்பையில்ல சேர். அதத் தேடி ஆள் வரும்” என்றார் அக்கா.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் “விளங்காவிட்டால் ஸ்டெல்லாவைக் கேளுங்கள்” என்று இருக்கும். அடக்கம் முடிந்த மறுநாளே அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எடுக்கவில்லை. “முன்பு: ஸ்டெல்லா” என்று எழுதினேன். அடுத்த வரிக்குக் கை ஓடவில்லை. இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்கு அது ஏனென்று தெரியும். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மூன்று வரிகள்தான். அவற்றில் ‘என்ன நடந்தது’ என்ற நடு வரி இன்னும் வெறுமையாகக் கிடந்தது.

நேற்று வெல்லாவெளி முகாமிலிருந்து அந்தத் தாய் அழைத்தார். “ஸ்டெல்லா மகள் இல்லயா?”

இல்லை என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் அழுது முடியும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: “உங்கட மகன்ர பேர் இரிக்கி அம்மா. இனி என்னக் கேளுங்க.”