நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய்

இதை எழுத உட்கார்ந்து, வெட்கத்தில் எழுந்துபோனபடியே சில வருடங்கள் கடந்துவிட்டன.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. ரோபோவை வைத்து எடுப்பதாகவும், தான் தள்ளி உட்கார்ந்து அதன் கைகளை இயக்குவதாகவும் டாக்டர் சொன்னார். அந்த மிஷினை நம்ப எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கடற்கரை ஊரான கீழவைப்பாரின் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் திருநீறு. கைச் சுத்தம் கெடக்கூடாதென்று எந்தக் கதவையும் கையால் தொடாமல் தோளால்தான் தள்ளுவார்.

“அந்த மிஷின் கையில ஒரு சொட்டு பூசிருங்க. புது வள்ளத்துக்கே பூசித்தான் கடல்ல இறக்குவோம்” என்றேன்.

“கூடாதுக்கா, கிருமி ஏறிரும்.”

“நீரு வேற சாமி கும்பிடுத ஆளு. அதான் மாட்டேங்கீரு!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் என் முன்னால் குனிந்தார்.

“அந்த மிஷின் கைக்கு உறை மாட்டுதது நாந்தான். எனக்குப் பூசுங்க. திருநீறு பக்கத்துல எடம் கெடக்கு.”

திருநீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு பூசினேன். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

என் வீட்டுக்காரர் சுகமாகத் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த மனிதர் வேலை மாறிப் போயிருந்தார். மாதாவிடம் சொல்லிவிட்டேன், அவரிடம் சொல்லவில்லையே.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், நான் பேசிய அந்த வார்த்தையை எனக்காக மறைக்க வேண்டாம். உள்ளபடியே சொல்லுங்கள்.